பாதையைத் தாங்கும் சுவர்

இத்தாலியின் வடமேற்குக் கடலோரத்தில் மலைச்சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஐந்து குட்டி ஊர்களுக்குச் சேர்த்து ‘சிங்க்வே தெர்ரே’ என்று பெயர். ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்கு ரயிலில் சில நிமிடங்கள்தான். ஆனாலும் உலகம் முழுக்கவிருந்து இங்கே நடக்கத்தான் வருகிறார்கள். கோர்னிலியா ஸ்டேஷனில் இறங்கினால் ஊருக்குள் நடந்து நுழையவே ஏறக்குறைய 380 படிகள் ஏற வேண்டும். மூச்சு வாங்கும்!

எல்லோரும் கடலைத்தான் போட்டோ எடுக்கிறார்கள். பார்க்க வேண்டியது மலைப் பக்கம் இருக்கும் கற்சுவர்களை. செங்குத்தான சரிவில் விவசாயிகள் பல நூறு வருஷங்களாகக் கல்லடுக்கி, படிப்படியாக நிலம் உண்டாக்கி, திராட்சை பயிரிட்டார்கள். சிமென்ட் இல்லை, சாந்து இல்லை. கல்லிடுக்கு வழியே மழைத் தண்ணீர் வடிந்துவிடும், மண் நிற்கும். அவர்கள் தோட்டத்துக்குப் போய்வந்த தடங்கள்தான் இன்றைய நடைபாதைகளில் பல.

இளைய தலைமுறை வேறு வேலைக்குப் போய்விட்டது. உதிர்ந்த கல்லை எடுத்து வைக்க ஆளில்லை. மேலே சுவர் சரிந்தால் கீழே பாதைக்கும் ஆபத்துதான். 2011 அக்டோபர் 25 பேய்மழையில் வெர்னாஸ்ஸா ஊர் சேற்றில் புதைந்தது. அடுத்த வருஷம் ‘காதல் பாதை’யில் பாறை விழுந்து சுற்றுலாப் பயணிகள் காயமடைந்தார்கள். ஒரு கிலோமீட்டர்கூட இல்லாத அந்தப் பாதை முழுசாகத் திறக்க 2024 ஆகிவிட்டது.

மனரோலாவிலிருந்து வொலாஸ்த்ரா வழியாகப் போகும் மேல்பாதை, திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே போகிறது. செப்டம்பரில் போனால் அறுவடையைப் பார்க்கலாம். செல்ஃபிக்காகச் சுவர்மேல் மட்டும் ஏறாதீர்கள். ஒரு கல் நகர்ந்தாலும், அதைத் திரும்ப வைக்க வயதான விவசாயி யாராவதுதான் மலையேறி வர வேண்டும்.