நர்சம்மா சொன்னால் மறுபேச்சில்லை

2019 ஏப்ரலில் ராசிபுரத்திலிருந்து பரவிய அந்த ஆடியோ இன்னும் நெஞ்சை அறுக்கிறது. பச்சிளங்குழந்தைக்கு விலை பேசும் குரல். ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று, நிறத்துக்கும் தனி விலை! விருப்ப ஓய்வு பெற்ற செவிலியர் உதவியாளர் ஒருவர் கைதானார். விசாரணை கொல்லிமலை வரை வந்தது. வழக்கு சிபிசிஐடிக்குப் போனது.

கொல்லிமலையில் உள்ள எங்கள் பெரக்கரை நாட்டில் பிரசவத்துக்குப் போகும் பெண்ணுக்கு நர்சம்மா சொல்வதே வேதவாக்கு. அந்த நம்பிக்கையை விற்பது சாதாரணக் குற்றமா?

சிறார் நீதிச் சட்டம் 2015, பிரிவு 81: குழந்தையை விற்றால் 5 ஆண்டு வரை கடுங்காவல். மருத்துவமனை ஊழியரே செய்தால் 3 முதல் 7 ஆண்டு.

வளர்க்க வழியில்லாத தாய், குழந்தையைக் குழந்தைகள் நலக் குழுவிடம் சட்டப்படி ஒப்படைக்கலாம். மனம் மாறினால் திரும்பப் பெற 2 மாத அவகாசமும் உண்டு. இதை அவளிடம் எடுத்துச் சொல்வதும் செவிலியரின் கடமைதான். சொல்லுங்கள், அக்காமார்களே!