ஆடு தொடாத இலை

காரியாபட்டியைச் சுற்றியுள்ள கரிசல் வரப்புகளில் தரையோடு படர்ந்து கிடக்கும் ஒரு கொடி உண்டு. ஆடுதீண்டாப்பாளை. ஆடுதின்னாப்பாளை என்பாரும் உண்டு. வேப்பிலையை ஆவலோடு தின்கிற ஆடு, இதனருகே முகத்தைக் கொண்டுபோய்விட்டுத் திரும்பிவிடும். ஆகவே கசப்பு மட்டுமே காரணமாக இருக்க முடியாது. வயிற்றுப்பூச்சிக்கும் தோல் அரிப்புக்கும் எங்கள் வீட்டில் அதுதான் மருந்து. அப்பத்தா அதன் சாற்றைச் சங்கில் ஊற்றி எனக்குப் புகட்டியிருக்கிறாள். அவளும் குடித்தாள்.

மருந்தியல் படித்தபோது என் ஆய்வுக்கு வாய்த்தது இதுவல்ல, குப்பைமேனி. விஸ்டார் இன வெள்ளெலிகளை இரவு முழுதும் பட்டினி போட்டு, காலையில் எடை பார்த்து, நுனி உருண்ட வளைந்த ஊசியால் சாற்றை நேரே இரைப்பைக்குள் செலுத்த வேண்டும். கை பிசகினால் மூச்சுக்குழலுக்குள் போய்விடும். முதல் வாரத்தில் எனக்குப் பிசகியது. ஓர் எலி செத்தது, சாற்றால் அல்ல, என் கையால். இன்றும் அந்த உடலின் சூடு உள்ளங்கையில் நினைவிருக்கிறது.

ஓ.ஈ.சி.டி. அமைப்பின் 423ஆம் நெறிமுறை, படிக்கு மூன்று விலங்குகள் போதும் என்கிறது. உடல் எடையில் கிலோவுக்கு 2000 மில்லிகிராம்வரை கொடுத்து 14 நாட்கள் கவனிக்க வேண்டும்: மயிர் சிலிர்க்கிறதா, நடுங்குகிறதா, சோர்ந்து கிடக்கிறதா. பாதி விலங்குகளைக் கொல்லும் அளவைத் தேடும் முறையை 1927இல் ட்ரெவன் வகுத்தார். அதற்குப் பலியான எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் இது கருணைதான். என் எலிகள் பிழைத்தன. கடைசி நாளில் அவற்றைக் கொன்று, அறுத்து, ஈரலையும் சிறுநீரகத்தையும் பார்த்தோம். "பாதுகாப்பானது" என்று ஆய்வேட்டில் எழுதினேன்.

அந்தச் சொல் உறுத்தத் தொடங்கியது பெல்ஜியச் செய்தியைப் படித்த பிறகே. பிரஸ்ஸல்ஸில் உடல் மெலிய மூலிகைப் பொடி உண்ட பெண்களின் சிறுநீரகங்கள் செயலிழந்ததை 1993இல் லான்செட் இதழ் வெளியிட்டது. பின்னர் பாதிக்கப்பட்டோர் தொகை நூறைத் தாண்டியது. சிலருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. வேறொரு சீன மூலிகைக்குப் பதிலாக அரிஸ்டோலோக்கியா இனச் செடி கலந்துவிட்டிருந்தது. நம் ஆடுதீண்டாப்பாளையும் அதே பேரினம்தான். நஞ்சின் பெயர் அரிஸ்டோலோக்கிக் அமிலம். எலிகள் அதை முன்பே சொல்லியிருந்தன. மூன்று மாதம் அவ்வமிலம் புகட்டப்பட்ட எலிகளின் முன்வயிற்றில் புற்றுநோய் தோன்றியதை 1982இல் மெங்க்ஸ் குழுவினர் ஜெர்மனியில் பதிவு செய்தார்கள். மூன்று மாதம், பதினான்கு நாட்கள் அல்ல. 2002இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, இவ்வினச் செடிகள் அடங்கிய மூலிகை மருந்துகளை மனிதருக்குப் புற்றுநோய் தருபவை என்று வகைப்படுத்தியது.

ஊருக்குப் போயிருந்தபோது, பேத்தியின் வயிற்றுவலிக்கென்று சித்தப்பா இலையை உலர்த்திக்கொண்டிருந்தார். உள்ளுக்குக் கொடுக்க வேண்டாம் என்று சொல்லிப் பெல்ஜியக் கதையை விவரித்தேன். பொறுமையாகக் கேட்டார்.

"ஒங்க எலிய எத்தன நாளு வச்சுப் பாத்தீக?"

"பதினாலு நாள் சித்தப்பா. அதுவும் இந்த இலைக்கு இல்ல, குப்பைமேனிக்கு."

"எங்காத்தா எம்பது வயசு வரைக்கும் குடிச்சாளேப்பா."

நான் பதில் சொல்லவில்லை. அப்பத்தா கடைசி மாதங்களில் கால் வீங்கி, சிறுநீர் நின்றுபோய் இறந்தாள். மருத்துவமனையில் சிறுநீரகம் கெட்டுவிட்டது என்றார்கள். அவளுக்குச் சர்க்கரை நோயும் இருந்தது. ஆகவே இலையின் மீது பழி போட எனக்கு உரிமையில்லை. இல்லையென்று சொல்லவும் இல்லை. அவருக்கும் அது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். சாக்கில் பரப்பியிருந்த இலைகளைக் கையால் கிளறியபடி வெகுநேரம் பேசாமல் இருந்தார்.

சென்ற வாரம் தொலைபேசியில் பேசியபோது நானாகக் கேட்கவில்லை. இலையைப் பொடித்துத் தகர டப்பாவில் போட்டுப் பரணில் வைத்திருப்பதாகவும், அரிப்புக்கு மேலே பூசிக்கொள்வதாகவும், பிள்ளைக்குக் கொடுப்பதில்லை என்றும் அவராகவே சொன்னார்.