சுவரில் ஒரு பூ

முப்பது ஆண்டுகள் தோட்டப்புறத்தில் பால்மரம் சீவிய கைகள் என் அப்பாவுடையவை. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் கைகள் சும்மா இருந்ததில்லை. வீட்டைச் சுற்றிலும் ஏதாவது ஒரு செடியை நட்டுக்கொண்டே இருப்பார். பக்கவாதம் வந்து வலக்கால் இழுத்துக்கொண்ட பின், அவருடைய உலகம் வீட்டின் பின்வாசலோடு சுருங்கிவிட்டது. ஓராண்டு மேற்படிப்புக்காக நான் இங்கிலாந்துக்குப் புறப்பட்டபோது, அவர் துணிமணியோ கைக்கடிகாரமோ கேட்கவில்லை.

"அந்த ஊரில் நான் பார்த்திராத செடி ஏதாவது இருக்கும். வரும்போது ஒன்று கொண்டு வாம்மா," என்று மட்டும் சொன்னார். நானும் யோசிக்காமல் தலையாட்டினேன்.

ஆக்ஸ்ஃபர்டு நகருக்கு நான் போய்ச் சேர்ந்தது செப்டம்பர் மாத இறுதியில். பழைமையான நகரம் அது. எங்குப் பார்த்தாலும் மஞ்சள் நிறச் சுண்ணாம்புக்கல் சுவர்கள். நான் தங்கியிருந்த வீட்டிலிருந்து வகுப்புக்குப் போகும் ஒற்றையடிப் பாதையின் ஓரத்திலும் அப்படியொரு நீண்ட சுவர் இருந்தது. குளிருக்குப் பயந்து, குனிந்த தலை நிமிராமல் அந்தப் பாதையில் நடப்பதே என் வழக்கம். ஒரு நாள் மழைக்கு ஒதுங்கி அச்சுவரோரம் நின்றேன். என் கண்ணுக்கு நேரே, இரு கற்களுக்கு இடையே இருந்த விரிசலிலிருந்து ஒரு சிறு கொடி தொங்கிக்கொண்டிருந்தது. அதில் சுண்டுவிரல் நகத்தின் அளவே உள்ள ஊதாப்பூக்கள் பூத்திருந்தன. பிடி மண்கூட இல்லாத இடத்தில் இத்தனை பூக்களா என வியந்தேன். அப்பாவுக்கு ஏற்ற செடி கிடைத்துவிட்டது என்று என் மனம் துள்ளியது.

அன்று மாலை வீட்டுக்கார அம்மையாரிடம் ஓடினேன். அவர் எழுபது வயதைக் கடந்தவர்; செடிகொடிகளை நன்கு அறிந்தவர்.

"சுவரில் ஊதாப்பூ பூக்கும் ஒரு கொடியைப் பார்த்தேன். அதன் பெயர் என்ன?" என்று கேட்டேன்.

"அதன் இலைகள் தண்டில் எதிரெதிராக இருந்தனவா, மாறி மாறி இருந்தனவா?" என்று அவர் திருப்பிக் கேட்டார்.

நான் விழித்தேன்.

"தண்டு உருண்டையா, சதுரமா? இலையில் உரோமம் உண்டா? கசக்கினால் வாசனை வந்ததா?"

ஒரு கேள்விக்கும் என்னிடம் விடை இல்லை. அவர் சிரித்துக்கொண்டே ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடியை என் கையில் கொடுத்தார். "பெயரை நான் சொல்லிவிட்டால் நீ பார்ப்பதை நிறுத்திவிடுவாய். நாளை போய் நன்றாகப் பார்த்துவிட்டு வா," என்றார்.

மறுநாள் அரைமணி நேரம் அச்சுவரின்முன் நின்றேன். வழிப்போக்கர்கள் என்னை விநோதமாகப் பார்த்துச் சென்றனர். நானோ ஒரு நோட்டுப் புத்தகத்தில் கண்டதையெல்லாம் எழுதியும் வரைந்தும் வைத்தேன். தண்டு நூல்போல் மெல்லியது, உருண்டையானது, சற்றே செந்நிறம் கலந்தது. இலைகள் மாறி மாறி அமைந்திருந்தன. ஒவ்வோர் இலையும் ஐந்து மடல்களாகப் பிரிந்து, உரோமம் இல்லாமல் வழவழப்பாக இருந்தது. சில இலைகளைத் திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கம் ஊதா நிறம். பூவோ ஒரு குட்டி வாயைப் போல் இருந்தது. மேலுதடு இரண்டாகவும் கீழுதடு மூன்றாகவும் பிரிந்திருந்தன. கீழுதட்டின் நடுவில் மஞ்சள் நிறத்தில் இரு சிறு மேடுகள் வாயை அடைத்துக்கொண்டிருந்தன. பூவின் பின்புறத்தில் குட்டையான ஒரு வால். நான் பார்த்துக்கொண்டிருந்தபோதே ஒரு தேனீ வந்து கீழுதட்டில் அமர்ந்தது. அதன் எடையில் வாய் திறந்தது. தேனீ தலையை உள்ளே நீட்டியது. முந்திய நாள் வெறும் ஊதாப் புள்ளிகளாகத் தெரிந்தவை அன்று பூக்களாகத் தெரிந்தன.

என் குறிப்புகளைப் படித்த பிறகே அம்மையார் அதன் பெயரைச் சொன்னார். ஐவி என்னும் கொடியின் இலையை ஒத்திருப்பதால் ஆங்கிலத்தில் அதனை 'ஐவி லீவ்ட் டோட்ஃபிளாக்ஸ்' என்பார்கள். அதன் அறிவியல் பெயர் 'சிம்பலேரியா முராலிஸ்'. முதற்சொல் தாளம் என்னும் இசைக்கருவியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. இலையின் வட்ட வடிவம் அதற்குக் காரணம். இரண்டாம் சொல்லுக்குச் 'சுவருக்குரியது' என்று பொருள். தாளம்போன்ற இலையோடு சுவரில் வாழும் செடி! பஜனையில் அப்பா தட்டும் தாளம் என் காதில் ஒலித்தது.

"இது இந்த நாட்டுச் செடி என்று நினைத்தாயா? இல்லை. இதன் தாயகம் ஐரோப்பாவின் தெற்குப் பகுதி. 17ஆம் நூற்றாண்டில் இங்கு வந்தது. இத்தாலியிலிருந்து ஆக்ஸ்ஃபர்டுக்குக் கொண்டுவரப்பட்ட பளிங்குச் சிலைகளோடு இதன் விதைகளும் ஒட்டிக்கொண்டு வந்தன என்று இவ்வூரில் ஒரு கதை சொல்வார்கள். அதனால் இதற்கு 'ஆக்ஸ்ஃபர்டு களை' என்றும் ஒரு பெயர் உண்டு," என்றார் அம்மையார்.

வந்தேறிய செடி, தனக்கென மண் இல்லாமல், கல்லிடுக்கில் வேர் பிடித்து, ஊர்ப் பெயரையே தன் பெயராக்கிக்கொண்டது. அதன்மேல் எனக்கு இன்னும் அன்பு கூடியது.

அன்றிரவே தொலைபேசியில் அப்பாவிடம் சொன்னேன். "சுவரிலா? மண்ணே இல்லாமலா?" என்று அவர் குழந்தைபோல் கேட்டார். நெடுநாளைக்குப் பிறகு அவர் குரலில் உற்சாகம் தெரிந்தது. எப்படியும் அந்தச் செடியை வளர்த்துக் கொண்டுபோய்க் கொடுத்துவிட வேண்டும் என்று உறுதி பூண்டேன்.

ஒரு கொடித்துண்டைப் பறித்து வந்து, பழைய கோப்பை ஒன்றில் நல்ல உரமண்ணை நிரப்பி நட்டேன். நாள்தோறும் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினேன். இரண்டு வாரங்களில் இலைகள் மஞ்சளாகித் தண்டு அழுகிவிட்டது. அம்மையார் கோப்பையைக் கவிழ்த்துக் காட்டினார். அதன் அடியில் நீர் வடியத் துளையே இல்லை.

"நீ அதற்குக் குறை வைக்கவில்லை; அளவுக்கு மிஞ்சிக் கொடுத்துவிட்டாய். பழைய சுவரின் சுண்ணாம்புச் சாந்தும், அதில் தங்கும் சிறிது ஈரமும் அதற்குப் போதும். அது விரும்புவதைக் கொடு; நீ விரும்புவதைக் கொடுக்காதே," என்றார்.

அக்டோபர் மாதத்தில் முற்றிய காய்களைத் தேடிச் சேர்த்தேன். உருண்டையான சிறு காய்களுக்குள் கடுகைவிடச் சிறிய விதைகள் இருந்தன. அவற்றைக் காகித உறையில் இட்டுக் குளிர்காலம் முழுவதும் காத்தேன். ஏப்ரல் பிறந்ததும் பாதி விதைகளை ஈரக் களிமண்ணோடும் மணலோடும் பிசைந்து, வீட்டின் பின்புறச் சுவரில் இருந்த விரிசல்களில் விரலால் அழுத்தி வைத்தேன். வறண்ட நாள்களில் மட்டும் சிறிது நீர் தெளித்தேன். சில விரிசல்களில் ஒன்றும் நிகழவில்லை. மூன்று விரிசல்களில் மட்டும் பச்சைப் புள்ளிகள் எட்டிப் பார்த்தன. ஜூலையில் முதற்பூ மலர்ந்தது.

அப்போதுதான் அந்தச் செடியின் உண்மையான அதிசயத்தைக் கண்டேன். ஒரு பூவின் காம்பில் அடையாளத்துக்காகச் சிவப்பு நூலைத் தளர்வாகக் கட்டியிருந்தேன். பூத்திருக்கும்வரை அந்தக் காம்பு சுவரைவிட்டு விலகி வெளிச்சத்தை நோக்கி நீண்டிருந்தது. தேனீக்களின் கண்ணில் பட வேண்டும் அல்லவா? மகரந்தச் சேர்க்கை முடிந்து இதழ்கள் உதிர்ந்ததும், அதே காம்பு மெல்ல மெல்லத் திரும்பத் தொடங்கியது. நாள்தோறும் சிறிது சிறிதாக நீண்டு, வெளிச்சத்துக்கு முதுகு காட்டி, சுவரின் இருண்ட பிளவு ஒன்றைத் தேடிச் சென்றது. சில நாள்களில் என் சிவப்பு நூல் விரிசலின் வாயில் கிடந்தது; காய் உள்ளே போயிருந்தது. விதை கீழே விழுந்தால் நடைபாதையில் மிதிபடும். அதனால் அந்தச் செடி தன் விதையைத் தானே சுவருக்குள் கொண்டுபோய் வைக்கிறது!

செப்டம்பரில் நாடு திரும்பும் நாள் வந்தது. மீதிப் பாதி விதைகள் இருந்த காகித உறையைப் பெட்டியின் அடியில், சேலை மடிப்புக்குள் வைத்தேன். யார் கண்ணிலும் படாது, எடையும் இல்லை. ஆனால், பெட்டியைப் பூட்டக் கை வரவில்லை.

பள்ளியில் படித்த பாடம் நினைவுக்கு வந்தது. நம் நாட்டு ரப்பர் மரமும் வந்த மரம்தான். 1876இல் பிரேசிலிலிருந்து விதைகள் லண்டனின் கியூ தோட்டத்திற்குப் போயின. அங்கு முளைத்த கன்றுகளில் 22 மறு ஆண்டே சிங்கப்பூருக்கு வந்தன. அந்த மரம்தான் என் தாத்தாவையும் அப்பாவையும் வாழ வைத்தது. அதே மரத்தைத் தென் அமெரிக்காவில் பெருந்தோட்டமாக வளர்க்க முயன்றவர்களை இலைக்கருகல் நோய் தோற்கடித்தது. அந்த நோய்க்கிருமி இங்கு நுழைந்துவிடக் கூடாது என்பதற்காக இன்றளவும் நம் நாடு விழிப்புடன் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத பூஞ்சையும் பூச்சி முட்டையும் ஒரு சிறு விதையோடு, ஒரு சிட்டிகை மண்ணோடு பயணம் செய்யக்கூடும். அதனால்தான் அனுமதி பெறாமல் செடியையோ விதையையோ நாட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்று 1976ஆம் ஆண்டுத் தாவரத் தொற்றொதுக்கச் சட்டம் தடுக்கிறது. சுவர்ப்பூவால் தீங்கு வராமலும் போகலாம். அதை உறுதியாகச் சொல்ல நான் யார்?

உறையை எடுத்துக்கொண்டு பின்புறத்துக்குப் போனேன். விதைகளை அந்தச் சுவரின் விரிசல்களிலேயே தூவினேன். அப்பாவின் முகம் மனத்தில் வந்து நின்றது. கண்கள் கலங்கின.

வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் அப்பா கேட்ட முதற்கேள்வி, "எங்கேம்மா என் செடி?" என்பதுதான்.

"கொண்டு வரவில்லை, அப்பா," என்றேன். ஒரு கணம் அவர் முகம் வாடியது. நான் காரணத்தைச் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "இலை கருகிக் கொட்டினால் ஒரு மரம் என்ன பாடுபடும் என்று எனக்குத் தெரியாதா? நீ செய்தது சரிதான்," என்றார்.

நான் என் நோட்டுப் புத்தகத்தை அவர் மடியில் வைத்தேன். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒவ்வொரு படமாகப் பார்த்தார். காம்பு சுவருக்குள் திரும்பும் படத்தைக் கண்டதும் "அடேயப்பா!" என்றார். பிறகு கேட்டார்: "இலை மாறி மாறித்தானே இருக்கிறது? உரோமம் இல்லையே?"

நான் திகைத்துப் போனேன். அம்மையார் கேட்ட அதே கேள்விகள்! இந்தக் கேள்விகளை யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை.

"சரி, நம் வீட்டு வடிகால் சுவரில் ஒரு செடி படர்ந்து பூத்துக் கிடக்கிறதே, அதன் இலை எப்படி இருக்கும்?" என்று கேட்டார்.

இருபது ஆண்டுகளாக அந்த வடிகாலைத் தாண்டியவள் நான். என்னிடம் விடை இல்லை.

"போய்ப் பார்த்துவிட்டு வா. பெயரைப் பிறகு சொல்கிறேன்," என்றார் அப்பா.

வெயிலில் குந்தி உட்கார்ந்து பார்த்தேன். சிமெண்டு வெடிப்பிலிருந்து ஒரு செடி தரையோடு படர்ந்திருந்தது. இலைகள் எதிரெதிராக அமைந்து, ஓரம் பல்பல்லாக வெட்டுப்பட்டு, சொரசொரப்பான உரோமத்துடன் இருந்தன. நீண்ட காம்பின் நுனியில் ஒரே ஒரு பூ. மஞ்சள் நடுவைச் சுற்றி வெளிறிய ஐந்து இதழ்கள். ஒவ்வோர் இதழின் முனையிலும் மூன்று பற்கள். பக்கத்திலேயே முற்றிய ஒரு தலை, பஞ்சுக் குடைகளைக் காற்றில் விடக் காத்திருந்தது.

"வெட்டுக்காயப் பூண்டு. சில பேர் மூக்குத்திப் பூ என்பார்கள். மலாய்க்காரர்கள் 'கஞ்சிங் பாஜு', அதாவது சட்டைப் பொத்தான் என்பார்கள். தோட்டத்தில் உளி கையைக் கிழித்துவிட்டால் இதன் இலையைக் கசக்கித்தான் வைத்துக் கட்டுவோம்," என்றார் அப்பா.

பிறகு புத்தகத்தில் தேடிப் பார்த்தேன். அதுவும் வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து இங்கு வந்து வேரூன்றிய செடிதான்.

என் நோட்டுப் புத்தகத்தில் சுவர்ப்பூவுக்கு அடுத்த பக்கம் வெறுமையாக இருந்தது. அப்பா நாற்காலியில் அமர்ந்து திருத்தங்கள் சொல்லச் சொல்ல, அன்று மாலை அந்தப் பக்கத்தில் மூக்குத்திப் பூவை வரைந்து முடித்தேன்.