ஆரஞ்சுப் பறவையின் பூர்வீகம்

பெரியப்பா கொண்டுவந்த பிளாஸ்டிக் உண்டியலைப் பற்றி எங்கள் குடும்பத்தில் இரண்டு கதைகள் உண்டு. அமெரிக்காவில் டிஸ்னி வேர்ல்டுக்குப் போய் வாங்கிவந்தார் என்பது எல்லோரும் சொல்வது. அவர் அங்கே போகவே இல்லை என்பது பெரியம்மா மட்டும் சொல்வது.

பெரியப்பா 1970களின் கடைசியில் சரக்குக் கப்பலில் இருந்தார். உரத்துக்கான பாஸ்பேட் ஏற்ற ஃபுளோரிடாவின் டாம்பா துறைமுகத்துக்கு அந்தக் கப்பல் போகும். அங்கிருந்து டிஸ்னி வேர்ல்டு நூறு கிலோமீட்டர் சொச்சம்தான். ஒரு நாள் லீவு கிடைத்தால் போய்வந்துவிடலாம். இதைச் சொன்னதும் பெரியம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏல, கப்பலு கரையில கெடந்ததே ஒன்றரை நாளு. இதுல பார்க்கு எங்க போக? ஆரஞ்சு ஜூஸ் விக்கிறவன் குடுத்தான்னு அவுக வாயால எங்கிட்ட சொன்னாக. நீ எழுதுனா அப்படி எழுது."

உண்டியல் இப்போது என் மேசையில் இருக்கிறது. அது ஒரு பறவை. தலை இருக்கவேண்டிய இடத்தில் முழு ஆரஞ்சுப் பழம். உச்சியில் காம்போடு இலை, இறக்கைக்குப் பதிலாக இரண்டு பக்கமும் அகலமான பச்சை இலைகள். கண்கள் பெரியவை, உடம்பு சிறியது. வலது இலையில் பெயின்ட் தேய்ந்து வெளுத்துப்போயிருக்கிறது. பின்தலையில் காசு போடும் துளை. அடியில் வால்ட் டிஸ்னி புரொடக்‌ஷன்ஸ் என்ற பெயர். அந்தப் பெயர்தான் குடும்பத்தின் முதல் கதைக்கு ஒரே சாட்சி.

டிஸ்னி பாத்திரம் என்றால் ஏதாவது ஒரு படத்தில் வந்திருக்க வேண்டும் என்று தேடலை அங்கிருந்து தொடங்கினேன். தியேட்டருக்கு வந்த டிஸ்னி கார்ட்டூன் எதிலும் இது இல்லை. அடுத்து, பாடும் பறவைகளுக்குப் பேர்போன டிக்கி ரூமைப் பிடித்துக்கொண்டேன். 1963-ல் கலிஃபோர்னியாவின் டிஸ்னிலேண்டில் திறந்த அரங்கம் அது. இயந்திரப் பறவைகள் ஒலிக்கு ஏற்ப அலகும் தலையும் அசைத்துப் பாடும். ஹோசே, மைக்கேல், பியேர், ஃபிரிட்ஸ் என்று நான்கு கிளிகள் நிகழ்ச்சியை நடத்தும். என் உண்டியல் அந்தக் கூட்டத்தில் விடுபட்ட ஒன்றாக இருக்கும் என்று நினைத்து அந்தப் பறவைகளின் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கொண்டைக்கிளி இருந்தது, பஞ்சவர்ணக்கிளி இருந்தது, சொர்க்கப்பறவைகூட இருந்தது. பழத்தைத் தலையாகக் கொண்ட ஒன்று இல்லவே இல்லை. இந்த முட்டுச்சந்திலேயே நெடுநாள் கிடந்தேன்.

வெளியே கொண்டுவந்தது பெரியம்மாவின் ஜூஸ்தான். படத்தை விட்டுவிட்டுப் பழத்தின் பக்கம் திரும்பியதும் கதவு திறந்தது.

ஃபுளோரிடாவில் 1935 முதல் சிட்ரஸ் கமிஷன் என்ற அமைப்பு இருக்கிறது. ஆரஞ்சு, சாத்துக்குடி வகையறா விளைவிக்கும் விவசாயிகளுக்காக விளம்பரமும் சந்தை வேலையும் பார்க்கும் அரசு அமைப்பு. 1971 அக்டோபர் 1-ல் டிஸ்னி வேர்ல்டின் முதல் பார்க்கான மேஜிக் கிங்டம் திறந்தபோது, அதன் அட்வென்ச்சர்லேண்ட் பகுதியில் டிக்கி ரூம் பாணியில் இருந்த பறவை அரங்கத்துக்கும், பக்கத்தில் இருந்த சன்ஷைன் ட்ரீ டெரஸ் என்ற ஜூஸ் கடைக்கும் பணம் கொடுத்து ஆதரித்தது இந்தக் கமிஷன்தான். அந்த ஏற்பாட்டின் பகுதியாக, பார்க் திறப்பதற்கு முந்தைய ஆண்டே டிஸ்னி அவர்களுக்கென்று வரைந்து கொடுத்த சின்னம்தான் ஆரஞ்சுப் பறவை. பார்க்கில் அதன் வேடம் போட்ட ஆள் நடமாடினார். பார்க்குக்கு வெளியே ஆரஞ்சு ஜூஸ் விளம்பரங்களில் பறவை வந்தது. உண்டியல் எந்தக் கடையில் கைமாறியது என்பதை இனி யாராலும் சொல்ல முடியாது. ஆனால் பறவை யார் வீட்டுப் பிள்ளை என்பதில் பெரியம்மா சொன்னதுதான் சரி. நாற்பது வருஷம் ஒரு குடும்பமே மறுத்துப் பேசியும் விடாமல் நின்ற அவர்மேல் எனக்கு மரியாதை கூடிவிட்டது.

இதற்குப் பிறகு என் கேள்வி மாறிவிட்டது. எங்கே வாங்கியது என்பதைவிட, யார் வரைந்தது என்று தெரிந்துகொள்ள ஆசை வந்தது.

வரைந்தவர் சி. ராபர்ட் மூர். டிஸ்னியில் விளம்பரக் கலைப் பிரிவில் இருந்தவர். வால்ட் டிஸ்னியின் நினைவாக அமெரிக்க அஞ்சல் துறை 1968-ல் வெளியிட்ட தபால்தலையில் முகத்தை பால் வென்செல் வரைந்தார். அதில் அணிவகுத்து வரும் குழந்தைகள் மூரின் கைவண்ணம். 1984 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்ஸின் சின்னமான சாம் என்ற கழுகையும் அவர்தான் வடிவமைத்தார். அதைப் படித்தபோது எழுந்து நின்றுவிட்டேன். அமெரிக்கக் கொடி நிறத்தில் தொப்பி போட்ட அந்தக் கழுகை அந்தக் காலத்தில் பத்திரிகை பார்த்த எல்லோருக்கும் தெரியும். அதே கை, அந்த ஒலிம்பிக்ஸுக்குப் பதினான்கு ஆண்டுகளுக்கு முன்னால், ஒரு பழக் கமிஷனுக்காக என் மேசைப் பறவையைப் போட்டிருக்கிறது.

மூரின் கைத்திறனை உண்டியலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன். மொத்தம் இரண்டு பிரதான நிறங்கள். எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் உருண்டை. கொம்பு, வால், விரல் என்று ஒடிந்துபோகும் நீட்டல்கள் கிடையாது. அச்சில் வார்ப்பது சுலபம், பெயின்ட் அடிப்பது சுலபம், தலை பெரியதாக இருப்பதால் காசும் நிறைய பிடிக்கும். தூரத்திலிருந்து நிழலாகப் பார்த்தால்கூட ஆரஞ்சு என்று அடையாளம் தெரிந்துவிடும். சேகரிப்பு பொம்மை வடிவமைப்பவர்களுக்கு இது நல்ல பாடம்.

பறவைக்குப் பேச வராது, பாட வராது. நினைப்பது ஆரஞ்சு நிறப் புகையாகத் தலைக்கு மேலே எழும். இதற்கும் ஒரு இசைத்தட்டு வந்தது. 'மேரி பாப்பின்ஸ்' படத்துக்காக ஆஸ்கர் வாங்கிய ஷெர்மன் சகோதரர்கள் பாட்டு எழுத, அனிடா பிரையன்ட் பாடினார். இவர் ஃபுளோரிடா ஆரஞ்சு விளம்பரங்களின் முகமாக இருந்தவர். 1977-ல் மயாமி இருக்கும் டேட் கவுன்டியில், தன்பாலின ஈர்ப்பாளர்களைப் பாகுபாட்டிலிருந்து காக்கும் சட்டத்தை எதிர்த்துப் பிரசாரம் செய்து, வாக்கெடுப்பில் அதை ரத்து செய்யவைத்தார். பதிலுக்கு நாடெங்கும் ஆரஞ்சு ஜூஸைப் புறக்கணித்தார்கள். 1980-ல் கமிஷனோடு அவருடைய ஒப்பந்தம் முடிவுக்கு வந்தது. அதே ஆண்டு, சத்துணவு பற்றிய பள்ளிப் படம் ஒன்றில் பறவை தலைகாட்டியது. 1980களின் பிற்பகுதியில் கமிஷன் பார்க்கை விட்டு விலகியதும் ஜூஸ் கடையில் உட்கார்ந்திருந்த பறவையின் உருவமும் போய்விட்டது.

சினிமா கிடையாது, டிவி தொடர் கிடையாது. அப்படிப்பட்ட பாத்திரம் அதோடு மறந்துபோயிருக்க வேண்டும். மறக்கவிடாமல் காத்தவர்கள் சேகரிப்பாளர்கள். பழைய உண்டியல், கோப்பை, இசைத்தட்டு என்று தேடித் தேடி வாங்கினார்கள். 2000களில் டோக்கியோ டிஸ்னிலேண்ட் இந்தப் பறவையை எடுத்துக்கொண்டது. ஜப்பானில் பிப்ரவரி 14, மார்ச் 14 போல ஏப்ரல் 14-உம் காதலர்களுக்கான நாள். ஆரஞ்சு தினம் என்று பெயர். அதற்கென்று அங்கே பொம்மைகளும் பைகளும் விற்றதைப் பார்த்து அமெரிக்க ரசிகர்களுக்கு ஏக்கம். ஒரே அச்சு உடம்பில் வெவ்வேறு ஓவியம் தீட்டி, மூடிய பெட்டியில் விற்கும் வினைல்மேஷன் பொம்மைகளை டிஸ்னி 2008-ல் தொடங்கியது; அந்த வரிசையிலும் பறவை இடம்பிடித்தது.

2012 ஏப்ரல் 17-ல் சன்ஷைன் ட்ரீ டெரஸுக்கே திரும்பி வந்தது. புதிதாக ஒன்றைச் செய்து வைக்காமல், கிடங்கில் இருந்த அசல் உருவத்தையே சீர்செய்து கொண்டுவந்தார்கள். கூடவே ஆரஞ்சும் வெனிலாவும் சுழன்று வரும் சிட்ரஸ் ஸ்வர்ல் ஐஸும் மீண்டும் கிடைத்தது. பார்க் ரசிகர்கள் அன்று கொண்டாடியதை நான் முழு மனதோடு ஆமோதிக்கிறேன். ஒரு பொருளை விரும்பியவர்கள் கேட்டுக்கேட்டுத் திரும்பப் பெறுவது அடிக்கடி நடப்பதில்லை.

பறவை திரும்பிய நேரத்தில் அதைப் பெற்றெடுத்த தோட்டங்கள் சரிந்துகொண்டிருந்தன. 1980களின் கடும் உறைபனி, டிஸ்னி வேர்ல்டு இருக்கும் ஆர்லாண்டோ வட்டாரத் தோப்புகளை அழித்துச் சாகுபடியைத் தெற்கே தள்ளியது. 2005-ல் சிட்ரஸ் கிரீனிங் என்ற நோய் மாநிலத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. சைலிட் என்ற சிறு பூச்சி பரப்பும் பாக்டீரியா அது; காய் பச்சையாகவே நின்று கசந்து உதிரும், மரம் சில ஆண்டுகளில் பட்டுப்போகும், குணப்படுத்த வழி இல்லை. 1997-98 பருவத்தில் ஃபுளோரிடா 24 கோடியே 40 லட்சம் பெட்டி ஆரஞ்சு பறித்தது. 2022-23-ல் அது சுமார் 1 கோடியே 58 லட்சம் பெட்டி. ஒரு புயலும் அந்த ஆண்டுக் கணக்கில் சேர்ந்துகொண்டது.

இன்று டிஸ்னி வேர்ல்டின் இன்னொரு பார்க்கான எப்காட்டின் பூந்தோட்ட விழாவில் ஆரஞ்சுப் பறவையின் உருவம் வைத்த ஜூஸ் கோப்பைகளைக் கைநிறைய வாங்கிப்போகிறார்கள். பறவை டிஸ்னியின் சொத்துதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அதன் பூர்வீகத்தை எழுதும்போது, கேட்டு வாங்கிய ஃபுளோரிடா விவசாயிகளையும் வரைந்து கொடுத்த ராபர்ட் மூரையும் முதலில் எழுத வேண்டும். பெரியம்மா சொன்னபடியே நான் எழுதிவிட்டேன்.