போனாலும் போகலாம்

2018ஆம் ஆண்டு தஞ்சாவூரில் ஒரு மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் அப்பா ஆறு நாட்கள் இருந்தார். அந்த ஆறு நாட்களில் மருத்துவர் என்னிடம் பேசியது மொத்தம் பத்து வாக்கியங்கள் இருக்கலாம். எல்லாம் ஆங்கிலம். கதவுக்கு வெளியே காத்திருந்த அம்மாவுக்கு அவற்றைத் தமிழில் சொல்வது என் பொறுப்பு.

முதல் நாள் வாக்கியம்: 'வி கேன் ஒன்லி வெயிட்.' அது எளிதாக இருந்தது. "காத்திருக்கத்தான் முடியுமாம்" என்றேன். அம்மா ஒன்றும் கேட்காமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

இந்த 'ஒன்லி' எனக்கும் அப்பாவுக்கும் இடையிலான பழைய வழக்கு. வட்டாட்சியர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர் அவர். ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணம் அவருக்கு வேதம். 'ஒன்லி' எந்தச் சொல்லைக் குறிக்கிறதோ அதன் முன்னால்தான் நிற்கவேண்டும் என்பது அதிலுள்ள விதி. 'ஐ கேன் ஒன்லி ரீட் தமிழ்' என்று எழுதினால் அடித்துவிடுவார். தமிழை வாசிக்க மட்டுமே முடியுமா, எழுத வராதா? அல்லது தமிழை மட்டும்தான் வாசிக்க முடியுமா, வேறு மொழி தெரியாதா? பேசும்போது குரலின் அழுத்தம் அதைத் தீர்த்துவிடும். தாளில் அழுத்தம் கிடையாது. ஆனால் ஆங்கிலேயர்கள் இயல்பாகவே அந்தச் சொல்லைக் 'கேன்', 'மே' போன்ற துணைவினைகளின் பின்னால்தான் கொண்டுபோய் வைக்கிறார்கள். அதைத் திருத்தப் புறப்படுகிறவர்களை ஃபௌலர் 1926இலேயே தம் அகராதியில் கண்டித்திருக்கிறார். அப்பாவிடம் இதைச் சொன்னபோது, ஃபௌலர் தாலுகா ஆபீசில் வேலை பார்த்ததில்லை என்றார்.

இந்த இடத்தில் தமிழ் சற்று வசதியான மொழி என்பது என் எண்ணம். நம்முடைய ஏகாரமும் உம்மையும் 'தானு'ம் தாம் குறிக்கும் சொல்லோடேயே ஒட்டிக்கொள்கின்றன. ஆங்கிலத்தில் இடம் மாறினால் பொருளும் மாறிவிடும். 'ஐ ஜஸ்ட் காண்ட் லீவ்' என்றால் என்னால் போகவே முடியாது. 'ஐ காண்ட் ஜஸ்ட் லீவ்' என்றால் இப்படியே விட்டுவிட்டுப் போய்விட முடியாது. தேர்வுப் பணிக்கு வரச்சொல்லிக் கல்லூரியிலிருந்து செய்தி வந்தபோது எது சரி என்று வெகுநேரம் யோசித்துவிட்டு, இரண்டாவதைத்தான் அனுப்பினேன். இரண்டுமே உண்மை.

நான்காம் நாள், செவ்வாய்க்கிழமை, மருத்துவர் சொன்னார்: 'ஹி மே ஈவன் கோ ஹோம் பை ஃப்ரைடே.'

எனக்கு உள்ளூர மகிழ்ச்சி. 'மே ஈவன்' என்பதற்கு இவ்வளவு பொருத்தமான தமிழ் வாய்க்கிறதே என்ற அற்பப் பெருமையும் சேர்ந்துகொண்டது. ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன்: "வெள்ளிக்கிழமைக்குள்ள போனாலும் போகலாமாம்."

அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. "எங்கடா போகலாங்கறாரு?"

வீட்டுக்கு என்ற சொல்லை நான் விட்டிருந்தேன். தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நின்றுகொண்டு 'போகலாம்' என்று மட்டும் சொன்னால் தமிழில் அதற்கு ஒரே பொருள்தான். "வீட்டுக்கும்மா, வீட்டுக்கு வந்தாலும் வரலாம்" என்று திருத்தினேன். அம்மா என்னையே பார்த்தபடி, "வராமலும் இருக்கலாம்ல" என்றாள்.

இருபது வருடங்களாக இடையியல் நடத்துகிறேன். உம்மைக்குத் தொல்காப்பியம் சொல்லும் எட்டுப் பொருள்களில் ஒன்று எதிர்மறை. உரையாசிரியர்கள் இதற்குச் சாத்தனைக் காட்டுவார்கள். வருவதற்கும் உரியவன் என்று சாத்தனைச் சொன்னால் போதும், வராதிருப்பதற்கும் உரியவன் என்பது அந்த உம்மைக்குள்ளேயே இருக்கிறது. கரும்பலகையில் எத்தனை முறை எழுதியிருப்பேன்! நான்காம் வகுப்பு படித்த அம்மாவுக்கு அது உடனே கேட்டுவிட்டது. அன்று இரவு அவள் சாப்பிடவில்லை.

ஆறாம் நாள் அப்பாவைப் பொது வார்டுக்கு மாற்றினார்கள். குரல் இன்னும் சரியாக எழும்பவில்லை. டாக்டர் என்னென்ன சொன்னார் என்று கேட்டார். ஒன்றுவிடாமல் ஆங்கிலத்திலேயே ஒப்பித்தேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர் கடைசி வாக்கியத்தில் கையைத் தூக்கினார்.

"ஈவன் எங்க வந்துது?"

"மேக்குப் பக்கத்துலப்பா."

"அப்ப அவருக்கே நம்பிக்கை இல்லடா" என்றார்.

வீட்டுக்கு வந்தது அடுத்த புதன்கிழமை.