லைட்ட அமத்துப்பா!

போளூர்க்காரனுக்கு ஜவ்வாது மலை பக்கத்து வீடு மாதிரி. ஆனாலும் ராத்திரியில் அங்கே நடந்து போனது போன வருஷம்தான் முதல் தடவை. ஜமுனாமரத்தூர் தாண்டி வகுப்புத் தோழன் ஒருவனின் ஊர். கடைசி பஸ்ஸில் இறங்கினோம். அவன் அப்பா கூட்டிப்போக வந்திருந்தார். அவர் கையில் டார்ச் கிடையாது. என் கையில் செல்போன், அதில் மேப்! எனக்கென்ன கவலை? அவரையே தாண்டி முன்னால் நடந்தேன்.

மேப்பிலிருந்து தலையை நிமிர்த்தினால்... பாதையைக் காணோம். எங்கும் தார் பூசின மாதிரி இருட்டு. மேப்பில் பாதை நேராகத்தானே இருக்கிறது என்று காலை எடுத்து வைக்கப் போனேன். பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து ஒரே இழுப்பு!

"மொதல்ல அந்த லைட்ட அமத்துப்பா. எதிர்ல கெணறு."

சுற்றுச்சுவர் இல்லாத கிணறு. மேப்பில் அது இல்லவே இல்லை.

என்னை அங்கேயே ஒரு பாறையில் உட்கார வைத்தார். காதில் சொருகியிருந்த பீடியைக் கூட அவர் பற்றவைக்கவில்லை. பத்து நிமிஷத்தில் கிணற்றின் விளிம்பு தெரிந்தது. அரைமணி கழித்து மரத்தின் இலைகளே தனித்தனியாகத் தெரிந்தன!

விஷயம் இதுதான். பகலுக்குக் கூம்பு செல்கள், இரவுக்குக் குச்சி செல்கள். குச்சி செல்லில் இருக்கும் ரோடாப்சின் என்ற நிறமி வெளிச்சம் பட்டால் வெளுத்துவிடும். திரும்ப முழுசாக ஊற 30, 40 நிமிஷம் ஆகும். நாம் செல்போனைப் பார்ப்பதோ ஒரு நொடி! ஆழ்ந்த சிவப்பு மட்டும் குச்சி செல்லை அவ்வளவாகத் தொடாது. வானியல்காரர்கள் சிவப்பு டார்ச் வைத்திருப்பது அதற்குத்தான். இதே மலையின் காவலூரில் 1986-லிருந்து 2.34 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது, வைணு பாப்பு பெயரில். அந்த ஆசையில் நானும் டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டி, நட்சத்திர வரைபடத்தில் சிவப்புப் பேனாவால் குறித்துக்கொண்டு மொட்டைமாடி ஏறினேன். சிவப்பு வெளிச்சத்தில் சிவப்பு மசி மாயம்! (சிரிக்காதீர்கள்.)

கடலிலும் இதே கதைதான். 2024 அக்டோபர் 2-ல் கோவாவிலிருந்து கிளம்பிய தாரிணி பாய்மரப் படகு உலகைச் சுற்றி 2025 மே 29-ல் திரும்பியது. படகில் இரண்டே பேர், இருவரும் கடற்படைப் பெண் அதிகாரிகள். ஒருவர் நம் பக்கத்துப் புதுச்சேரி ரூபா, இன்னொருவர் கேரளத்து தில்னா. இப்படிப்பட்ட படகில் ஒருவர் தூங்கினால் மற்றவர் காவல். மின்னணு வரைபடம் ஆழத்தைக் காட்டும், பாறையைக் காட்டும். சின்ன விளக்கோடு ஆடிக்கொண்டிருக்கும் கட்டுமரத்தைக் காட்டாது. அது நம்ம கிணறு மாதிரி, கண்தான் பார்க்கணும். திரையைப் பார்த்துக் கூசின கண்ணுக்கு அது எங்கே தெரியும்?

அதனால்தான் அந்தத் திரைகளில் கறுப்புப் பின்னணியோடு இரவு நிற அமைப்பு வைத்திருக்கிறார்கள். அதையும் வெளிச்சத்தை அடிமட்டத்துக்குக் குறைத்துவிட்டுத்தான் பார்க்கணும். 'சிவப்பாக்கினால் போதும்' என்பது பாதி உண்மை. சிவப்பே ஆனாலும் பளிச்சென்று எரிந்தால் கண் கெடும். எல்.சி.டி. திரை செல்போனிலோ கறுப்பிலும் பின்விளக்கு கசியும். (எல்.சி.டி. பாடம் இதற்காவது உதவியதே!) எனக்குப் பிடித்தது செலவில்லாத வழி: திரையைப் பார்க்கும்போது ஒரு கண்ணை இறுக்கி மூடிக்கொள்வது. இரண்டு கண்ணும் இருட்டுக்குத் தனித்தனியாகத்தான் பழகும். அதனால் மூடிய கண் அப்படியே தயாராக இருக்கும்.

பொங்கல் லீவில் மறுபடி போனேன். இந்த முறை அவர் முன்னால், நான் பின்னால். வீட்டிலிருந்து போன் வந்தது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு யாரென்று பார்த்து, பையில் போட்டேன். கிணறு வந்ததும் நானே ஒதுங்கிக்கொண்டேன். அவர் திரும்பி என் முகத்தைப் பார்த்தார்.

"இன்னாப்பா, கண்ணுல ஏதாச்சும் உழுந்திடுச்சா?"