அப்பாவின் எஞ்சின் இலக்கம்

அப்பா 2003ஆம் ஆண்டு காலமானபோது எங்கள் மூவருக்கும் விட்டுச்சென்றவற்றுள் ஒரு மொறிஸ் மைனர் காரின் பதிவுப் புத்தகமும் இருந்தது. கார் இருக்கவில்லை. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் தென்மராட்சியை நோக்கி நடந்தபோது, அப்பாச்சியையும் அரிசி மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு அந்தக் கார் எங்களோடு ஊர்ந்து வந்தது. மறுவருடம் ஏப்ரலில் ஊர் திரும்பியபோது, மீசாலையில் தெரிந்தவர் ஒருவரின் மாட்டுக் கொட்டிலில் அதை விட்டுவிட்டு வந்தோம். 2000ஆம் ஆண்டுச் சண்டைக்குப் பின் கொட்டிலும் இல்லை, காரும் இல்லை. காணி உறுதிகளோடும் பிறப்புச் சான்றிதழ்களோடும் புத்தகம் மட்டும் இடம்பெயர்வுப் பையில் தங்கிவிட்டது.

2017இல் கொடிகாமத்துக்கு அருகே ஒரு கராஜின் பின்வளவில் பழைய மைனர் ஒன்று கிடப்பதாகக் கேள்விப்பட்டுப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு போனோம். எங்கள் கார் சாம்பல் நிறம். அங்கே நின்றது பச்சை. வாகன இலக்கத் தகடுகள் இல்லை. உடற்கூட்டு இலக்கம் பொறித்த தகட்டை யாரோ எப்போதோ கழற்றிவிட்டிருந்தார்கள். கேட்பதற்கு மிஞ்சியிருந்த ஒரே சாட்சி எஞ்சின்தான்.

மொறிஸ் மைனர் 1948இலிருந்து 1971வரை செய்யப்பட்ட கார். பிரித்தானியாவில் பத்து இலட்சம் என்ற எண்ணிக்கையை முதலில் எட்டிய காரும் அதுவே. இத்தனை வருடங்களில் அதன் முகம் அதிகம் மாறவில்லை. உள்ளே இருந்த எஞ்சின்தான் மாறிக்கொண்டு வந்தது. 1952இல் 803 சிசி, 1956இல் 948 சிசி, 1962இல் 1098 சிசி. மூன்றும் ஒரே குடும்பத்து எஞ்சின்கள். பக்கத்தில் நின்று பார்ப்பவருக்கு அண்ணன் தம்பிமார் போலவே தோன்றும். ஆகவே இலக்கங்களைப் படிக்காமல் எதையும் சொல்ல இயலாது.

படிக்க வேண்டியவை இருவகை. ஒன்று, அடித்துப் பொறித்த இலக்கம். சிலிண்டர் உடலின் வலப்பக்கம், டைனமோவுக்கு மேலே, ஒரு சிறு தகட்டில் அது இருக்கும். அதன் முன்னொட்டு ஒரு சுருக்கெழுத்து. அப்பாவின் புத்தகத்தில் இருந்தது 9எம்/யு/எச். 9 என்றால் 948 சிசி, எம் என்றால் மொறிஸ், யு நடுவில் நிற்கும் கியர்த் தடியைக் குறிக்கும், எச் உயர் அமுக்கத்தைக் குறிக்கும். எச் எஞ்சினின் அமுக்க விகிதம் 8.3. எல் என்றிருந்தால் 7.2. இந்த முன்னொட்டுக்குப் பின்னால் வரும் தொடரிலக்கம் ஒரேயொரு எஞ்சினுக்கு மட்டும் உரியது.

மற்றையது வார்ப்பு இலக்கம். இரும்பை உருக்கி அச்சில் ஊற்றும்போதே உலோகத்தோடு பிறப்பது. முன்னையது குழிந்திருக்கும், இது புடைத்திருக்கும். அச்சு எது என்பதை மட்டுமே இது சொல்லும். அந்த அச்சிலிருந்து பிறந்த ஆயிரமாயிரம் எஞ்சின்களும் அதே இலக்கத்தைத்தான் தாங்கியிருக்கும்.

கராஜ்காரர் எழுபதைத் தாண்டியவர். மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் தகட்டைத் துடைத்தார். எங்களுள் ஒருவர் புத்தகத்தை விரித்துப் பிடிக்க, மற்றவர் உரக்கப் படித்தார். 9எம்/யு/எச். பிறகு தொடரிலக்கம். ஓர் இலக்கமும் பிசகவில்லை. எங்களுக்குக் கண் கலங்கிவிட்டது.

அவர் மட்டும் முகத்தில் எதையும் காட்டாமல் வால்வு மூடியைக் கழற்றினார். கறுத்த எண்ணெய்ப் பிசினைச் சுரண்டியதும் ஹெட்டின் மேல் புடைப்பெழுத்துக்கள் தெரிந்தன. 12ஜி202. 948 சிசி எஞ்சினின் ஹெட்டில் 2ஏ629 என்று இருக்க வேண்டும். இது 1098 சிசிக்கு உரியது.

ஹெட்டை மாற்றிப் போடுவது வழக்கம்தானே என்றோம். தலையாட்டினார். ஹெட்டையே கழற்றி, சிலிண்டர்த் துளையை அளந்தார். 948க்கு 62.9 மில்லிமீற்றர் விட்டம், 1098க்கு 64.6. அளவு பெரியதின் பக்கமே நின்றது. துளையைக் கடைந்து பெரிதாக்குவதும் உண்டு என்று அவரே சொன்னார். பிறகு எஞ்சினைக் கையால் சுழற்றி, பிஸ்டன் மேலிருந்து கீழே போன தூரத்தை அளந்தார். ஏறத்தாழ 84 மில்லிமீற்றர். 948 என்றால் 76 தான் வரும். இந்த எட்டு மில்லிமீற்றரை எந்தக் கடைசலாலும் உண்டாக்க இயலாது.

தகடு எங்களுடையது. அது ஒட்டியிருந்த உடல் வேறு எஞ்சினுடையது.

"இலக்கம் பொய் சொல்லும் தம்பி, வார்ப்புப் பொய் சொல்லாது. ஆனா வார்ப்புக்கு உங்கட அப்பாவைத் தெரியாதே," என்றார் அவர்.

யாரோ எங்கள் தகட்டைப் பிடுங்கித் தங்கள் காரில் பொருத்தியிருக்கிறார்கள் என்ற முடிவோடு வீடு திரும்பினோம். அந்த இரவு எங்களுக்குள் கோபமே மிகுந்திருந்தது. காரை எடுத்தவர் எடுக்கட்டும், அதன் பெயரையும் எடுத்தாரே என்று பேசிக்கொண்டோம். அப்பா கணித ஆசிரியர். ஒரு பிள்ளைக்கு அரைப்புள்ளி கூட்டிப் போட்டால் அது மற்றப் பிள்ளையிடம் களவெடுத்தது என்று சொல்பவர். அவருடைய இலக்கம் ஒரு களவுக்கு உடந்தையாக நிற்கிறதே என்பதுதான் எங்களை அதிகம் வருத்தியது.

காலையில் அம்மாவிடம் சொன்னோம். கேட்டுக்கொண்டே கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"தகட்டை மாத்தினது ஒருத்தருமில்லை, உங்கட அப்பாதான். நான்தானே விளக்குப் பிடிச்சனான்."

1990 யூனில் சண்டை மீண்டும் தொடங்கியபின் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டதும், கார்கள் மண்ணெண்ணெயில் ஓடியதும் எங்களுக்கு நினைவிருந்தன. சிறு போத்தல் பெற்றோலில் எஞ்சினை உயிர்ப்பித்துச் சூடேற்றி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். குறைந்த அமுக்கமுள்ள எஞ்சின்கள் அதை ஒருவாறு தாங்கின. எங்களுடையது எச். ஏற்றத்தில் கல்லைக் குலுக்குவது போலத் தட்டும். எரியாத மண்ணெண்ணெய் கீழே வடிந்து எண்ணெயை நீர்க்கச் செய்ய, 1993இல் அதன் பெயரிங்குகள் போயின. அப்பாச்சிக்கு வாரத்தில் இரண்டு நாள் ஆஸ்பத்திரி. உடைந்த ஒரு மைனரிலிருந்து 1098 எஞ்சின் கிடைத்தது. அதை மாற்றியதை நாங்கள் அறிவோம், "எஞ்சின் செய்தது" என்ற அளவில். தகட்டின் கதை எங்களுக்குத் தெரியாது.

"புத்தகமும் காரும் ஒண்டாய் இருக்கவேணும். இல்லாட்டி மறிச்சுப் பறிச்சுக்கொண்டு போடுவாங்கள் எண்டவர். அண்டைக்கு இரவு அவர் சாப்பிடேல்லை," என்றார் அம்மா.

மறுநாள் அம்மாவையும் அழைத்துச் சென்றோம். தகட்டின் இடப்புறம் தொழிற்சாலை ஆணி இல்லை, பித்தளைத் திருகாணி ஒன்று இருந்தது. நேற்று நாங்கள் இலக்கத்தை மட்டும் பார்த்தோம். அது பூசையறைக் கதவுப் பிணைச்சலின் ஆணி என்றார் அம்மா. வீட்டுக்கு வந்து பார்த்தோம். பிணைச்சலில் மூன்று பித்தளை ஆணிகளும் ஓர் இரும்பாணியும் இருந்தன.

காரை வாங்கிவிட்டோம். பெற்றோலில் ஓடுகிறது. புத்தகத்தைத் திருத்துவதா என்பதில்தான் எங்களுக்குள் வழக்கு. அப்பா செய்ததை அப்படியே விட வேண்டும் என்றது ஒரு கட்சி. அவர் உணவு இறங்காமல் படுத்த இரவை நாங்கள்தான் முடித்துவைக்க வேண்டும் என்றது மறுகட்சி. ஒரு மாதத்துக்குப் பிறகு, எஞ்சின் மாற்றப்பட்டது 1993இல் என்றும், அதன் கொள்ளளவு 1098 சிசி என்றும், இந்த எஞ்சினுக்கு உரிய தகடு இல்லை என்றும் கடிதம் எழுதி மூவரும் கையொப்பமிட்டோம்.

பழைய தகட்டைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்தோம். திருகாணியைக் கதவுப் பிணைச்சலில் திரும்பப் பூட்டச் சொன்னார்.